சட்டமும் கண்ணாடியும்: ழாக் தத்தி, பியேர் எத்தெக்ஸ் – ஓர் ஒப்பாய்வு

1958இல் வெளிவந்த ‘மோன் ஓங்க்ல்’ படத்தின் சுவரொட்டி பிரெஞ்சு சினிமா தெரிந்த பலருக்கும் பழக்கமானது. படத்தை எடுத்தவரும், தொப்பியும் குட்டை மழைக்கோட்டும் வாயில் பைப்புமாக அதில் நடித்தவரும் ழாக் தத்தி. சுவரொட்டியை வரைந்த கை யாருடையது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். பியேர் எத்தெக்ஸ் என்று பெயரைச் சொன்னால், “ஓ, தத்தியின் சீடரா!” என்பார்கள். 2016இல் எண்பத்தேழு வயதில் இறக்கும்வரை எத்தெக்ஸை அந்த அடைமொழி விடவில்லை.

வெளிப்பார்வைக்கு அது நியாயமாகவே தோன்றும். இருவரும் மேடையிலிருந்து வந்தவர்கள். இருவரும் தாங்கள் இயக்கிய படங்களில் தாங்களே நடித்தார்கள். இருவரும் திரையில் அதிகம் பேசுவதில்லை. பிரான்ஸின் லூயி தெல்யூக் பரிசு தத்திக்கு 1953இல் கிடைத்தது. எத்தெக்ஸுக்குச் சரியாகப் பத்தாண்டு கழித்து 1963இல். ஆஸ்கர் தத்தியின் படத்துக்கு 1959இல், எத்தெக்ஸின் குறும்படத்துக்கு 1963இல். தத்தி எடுத்த முழுநீளப் படங்கள் ஆறு, எத்தெக்ஸ் எடுத்தவை ஐந்து. இருவரும் கடைசியில் சர்க்கஸ் கூடாரத்துக்குள் போனார்கள். இருவரும் தங்கள் படங்களின் உரிமையை இழந்து நின்றார்கள். ஜாதகம் பார்க்கிறவரிடம் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே கட்டம் போட்டுவிடுவார்.

படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டம் கலைந்துவிடுகிறது. தத்தியிடம் எத்தெக்ஸ் பெற்றுக்கொண்டது கூர்ந்து பார்க்கும் பழக்கத்தை. அந்தக் கண்ணை அவர் திருப்பிய திசை தத்தி ஒருபோதும் போகாத திசை.

தத்தி 1907இல் பாரிஸை அடுத்த லெ பெக்கில் பிறந்தார். முழுப்பெயர் தத்திஷேஃப், தந்தை வழியில் ருஷ்யப் பிரபு வம்சத்து ரத்தம். தாய்வழித் தாத்தா ஹாலந்துக்காரர், ஓவியங்களுக்குச் சட்டம் போடுவது தொழில். பேரனும் அந்தத் தொழிலுக்குத்தான் வரவேண்டும் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள்; கொஞ்ச காலம் அதில் கையும் வைத்தார். எத்தெக்ஸ் 1928இல் ரொவான் என்ற சிறுநகரத்தில் பிறந்தார். சிறுவயதில் சர்க்கஸ் பார்த்துவிட்டுக் கோமாளியாக வேண்டும் என்று முடிவு செய்தவர். ஆனால் பயின்றது தேவாலய ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி செய்யும் கலையை.

சட்டம் போடுகிறவர் ஓவியத்துக்குள் கைவைப்பதில்லை. எவ்வளவு இடம் விடுவது, எங்கே நிறுத்துவது என்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். உள்ளே எதைப் பார்ப்பது என்பது பார்ப்பவர் பாடு. வண்ணக் கண்ணாடிக்காரர் ஒவ்வொரு துண்டையும் ஈயக் கோட்டுக்குள் அடைத்தாக வேண்டும். ஒரு துண்டு நூலிழை பெரிதானாலும் அடுத்தது பொருந்தாது. இந்த ஒப்புமையை ரொம்ப இழுத்தால் அறுந்துவிடும் என்பது தெரியும். இருந்தாலும் தத்தியின் ‘பிளேடைம்’ படத்தின் அகலத் திரையையும் எத்தெக்ஸின் முதல் குறும்படமான ‘முறிவு’ படத்தின் எழுதுமேசையையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

மேடையிலும் இருவரும் வேறு வேறு ஜாதி. தத்தி ஆறடிக்கு மேல் உயரம், ரக்பி ஆடியவர். ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் எப்படி நிற்பார், குத்துச்சண்டைக்காரர் எப்படி மூச்சு வாங்குவார் என்று நண்பர்களுக்கு நடித்துக்காட்டப் போய், அதுவே ‘விளையாட்டுக் காட்சிகள்’ என்று மேடை நிகழ்ச்சியானது. குதிரையையும் அதன்மேல் ஏறியிருப்பவரையும் ஒரே உடம்பில் அவர் காட்டியதை எழுத்தாளர் கொலெத் 1936இல் வியந்து எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தத்தி மேடையில் தன்னைக் காட்டவில்லை, பிறரைக் காட்டினார். கோமாளியின் வேலை வேறு. வாளித் தண்ணீர் தன் தலையில்தான் விழ வேண்டும். எத்தெக்ஸ் கேளிக்கைக் கூடங்களிலும் சர்க்கஸிலும் கோமாளியாக வேலை பார்த்தவர். பிற்காலத்தில் இருவரும் எடுத்த எல்லாப் படங்களுக்கும் விதை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

1954இல் எத்தெக்ஸ் தன் ஓவியங்களை எடுத்துக்கொண்டு தத்தியைப் பார்க்கப் போனார். அடுத்த நாலு வருடம் ‘மோன் ஓங்க்ல்’ வேலை. வேடிக்கைகள் யோசித்துத் தருவது, தெருக்களில் அலைந்து மனிதர்களை வரைந்து வருவது, படப்பிடிப்பில் உதவி இயக்குநராக ஓடுவது. தத்தியின் பாடத்திட்டம் எளிமையானது: ஓட்டலில் உட்கார், பார், குறித்துக்கொள்.

இந்தப் படத்தின் தலைப்பைத் தமிழில் சொல்வதற்கு நமக்கு ஒரு வசதி உண்டு. ‘ஓங்க்ல்’ என்ற பிரெஞ்சுச் சொல் சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாருக்கும் பொது. படத்தில் தத்தி நடிக்கும் மொசியே உலோ, ஆர்ப்பெல் வீட்டுச் சிறுவனின் அம்மாவுக்குச் சகோதரர். ஆக, தாய்மாமன். எலெக்ட்ரானிக் கதவும் வளைந்த சிமென்ட் பாதையும், விருந்தாளி வந்தால் மட்டும் தண்ணீர் பீய்ச்சும் மீன் பொம்மையுமாக இருக்கிற அந்த ஆர்ப்பெல் வீட்டில் சிறுவனுக்கு ஒரே ஆறுதல் தாய்மாமன்தான். அப்பாவுக்கு மச்சான் மேல் உள்ள எரிச்சலும் பொறாமையும் நமக்கு விளக்க வேண்டியதே இல்லை.

இதே காலத்தில் இன்னொரு இளைஞரும் வந்து சேர்ந்தார். தத்தியின் படங்களை நாவலாக எழுத ஒரு பதிப்பகம் ஆள் தேடியது. தேர்வானவர் ழான்-க்ளோத் கரியேர். புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர் எத்தெக்ஸ். இரண்டு பேரும் தத்தியின் கூரையின் கீழ் சந்தித்து, பிறகு தனியாகப் போய்த் தங்கள் கதைகளைச் சேர்ந்தே எழுதினார்கள். கரியேர் பின்னாளில் பூன்யுவெலின் திரைக்கதாசிரியரானார். பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தை எழுதியவரும் அவரே. வியாசரில் முடிந்த அந்தப் பயணம் ஒரு கோமாளியோடு தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி, ஒரே பொருளை இருவரும் கையாண்ட இடங்களைப் பார்ப்போம்.

முதலில் போக்குவரத்து நெரிசல். எத்தெக்ஸும் கரியேரும் சேர்ந்து இயக்கிய ‘இனிய திருமண நாள்’ 1962இல் வந்தது. ஆஸ்கர் வாங்கிய குறும்படம் அதுதான். திருமண நாளன்று மனைவி மேசையில் எல்லாம் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். கணவன் பரிசோடு பாரிஸ் தெருக்களில் காருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான். நிறுத்த இடமில்லை, நிறுத்தினால் எடுக்க வழியில்லை. ஒருவழியாக அவன் வந்து சேரும்போது மனைவி தனியாகவே சாப்பிட்டுக் குடித்து மயங்கியிருக்கிறாள். சம்பவங்கள் கடிகாரப் பற்கள் போல ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. ஒரு மனிதன், ஒரு நேரம், ஒரு இடம். மற்ற கார்கள் எல்லாம் அவனுக்குத் தடை.

தத்தி ‘பிளேடைம்’ (1967) கடைசியில் இதே நெரிசலைக் காட்டுகிறார். ரவுண்டானாவில் கார்கள் ஊர்ந்து சுற்றுகின்றன. பின்னணியில் ராட்டின இசை. வண்டிகள் நின்றுபோகின்றன, ஒருவர் பார்க்கிங் மீட்டரில் காசு போடுகிறார், ராட்டினம் மறுபடி சுற்றத் தொடங்குகிறது. ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவருக்கும் இது தடையில்லை. திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லாரும் சுற்றுகிறார்கள். ‘திராஃபிக்’ (1971) படத்தில் இன்னும் ஒரு படி போய், சிக்னலில் நிற்கும் ஓட்டுநர்கள் மூக்கைக் குடைவதையும், மழைத் துடைப்பான்கள் ஒவ்வொருவர் சுபாவத்துக்கு ஏற்றபடி ஆடுவதையும் காட்டினார். அதில் உலோ கார் கண்காட்சிக்காக ஆம்ஸ்டர்டாம் போகிறார். போய்ச் சேரும்போது கண்காட்சியே முடிந்துவிடுகிறது. எத்தெக்ஸின் கணவன் தாமதத்தால் அழிகிறான். உலோவைத் தாமதம் அழிப்பதில்லை.

தத்தியின் சிரிப்பில் நாயகன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகிறான். ‘மொசியே உலோவின் விடுமுறை’ (1953) படத்தில் அவர்தான் நடுநாயகம்: இடுகாட்டு வாசலில் டயர் டியூபில் இலைகள் ஒட்டிக்கொள்ள, அதை யாரோ மலர்வளையம் என்று நினைத்து வாங்கிப் போய் மாட்டுகிறார்கள். ‘மோன் ஓங்க்ல்’ படத்தில் பாதி நேரம் அவரைக் காணோம். ‘பிளேடைம்’ படத்தில் உலோ மாதிரி உடுத்திய வேறு ஆட்களைத் தத்தியே வேண்டுமென்று உலவவிடுகிறார். பார்வையாளர் தவறான ஆளைத் தொடர்ந்து போய் ஏமாறுவார். ஓட்டல் கண்ணாடிக் கதவு உடைந்த பிறகு காவலாள் வெறும் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து மூடுகிறாரே, அந்த வேடிக்கைக்குச் சொந்தக்காரர் உலோ அல்ல, பெயரில்லாத ஒரு காவலாள். சிரிப்பு எல்லாருக்கும் பொதுச் சொத்து என்பது தத்தியின் கட்சி.

எத்தெக்ஸ் தன் முகத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. மெல்லிய உடம்பு, கச்சிதமான கோட்டு, சலனமில்லாத முகம். பஸ்டர் கீட்டனையும், அவருக்கும் முந்திய பிரெஞ்சுக்காரரான மாக்ஸ் லேந்தரையும் அந்த முகம் நினைவூட்டும், தத்தியை நினைவூட்டாது. ‘முறிவு’ (1961) படத்தில் ஓர் ஆள் காதலை முறித்துக்கொண்ட பெண்ணுக்குப் பதில் எழுத உட்காருகிறான். பேனா, மை, தபால்தலை, மேசை எல்லாம் சதி செய்கின்றன. முழுப்படமும் ஓர் அறைக்குள். தத்தியாக இருந்தால் ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டியிருப்பார். எத்தெக்ஸ் ஜன்னலைக் கடைசிவரை காத்து வைத்து, தன் ஆளை அதன் வழியே விழ வைக்கிறார்.

ஒலியில் இருவருக்கும் உறவு உண்டு. சீடர் என்ற பட்டம் பொருந்துகிற ஒரே இடம் இதுதான். படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு ஓசையையும் தனியாகச் செய்து ஒட்டுவது தத்தியின் வழக்கம். விடுமுறை விடுதிச் சாப்பாட்டறைக் கதவு ‘டொய்ங்’ என்று ஒலிக்கும். ரயில் நிலைய ஒலிபெருக்கி என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியாது. எத்தெக்ஸ் இதை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். முதல் முழுநீளப் படமான ‘லெ சுப்பிரான்’ (1963) படத்தில் பெற்றோர் பெண் பார்க்கச் சொல்லும் வானியல் பைத்தியம் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டே இருக்கிறான். அவன் கேட்காதபோது நமக்கும் கேட்பதில்லை. தத்தியின் ஓசை உலகத்துக்குச் சொந்தம், எத்தெக்ஸின் ஓசை ஒருவன் காதுக்குச் சொந்தம். ‘யோயோ’ (1965) படத்தின் முதற்பகுதி 1925இல் நடக்கிறது. அதனால் ஊமைப்படமாகவே எடுத்தார். வசனத்துக்கு எழுத்து அட்டை. ஆனால் கோடீஸ்வரனின் மாளிகைக் கதவுகள் மட்டும் கிறீச்சிடும். 1929இல் பங்குச்சந்தை சரிகிறது, அவனும் சரிகிறான், படம் பேசத் தொடங்குகிறது. பேசும்படம் வந்ததும் பொருளாதாரம் நொறுங்கியதும் ஒரே நேரம் என்ற வரலாற்று உண்மையை இவ்வளவு லாகவமாகப் பயன்படுத்திய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

பெண்கள் விஷயத்தில் இருவரும் இரு துருவம். உலோவுக்கு ஆசை இல்லை. கடற்கரையில் அழகான ஒரு பெண்ணோடு ஒரு நடனம், பாரிஸில் அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு பரிசு, அவ்வளவுதான். எத்தெக்ஸின் படங்களில் ஆசைதான் எஞ்சின். ‘முறிவு’ காதல் கடிதம். ‘திருமண நாள்’ பெயரிலேயே இருக்கிறது. ‘லெ சுப்பிரான்’ பெண் தேடுகிறவன். ‘லெ கிரான் அமூர்’ (1969) கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து இளம் செயலாளரிடம் மனம் போகிறவன். அதில் மாமனாரின் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் இரவில் கட்டிலில் படுத்திருக்கிறான். கட்டில் மெல்ல நகர்ந்து அறையை விட்டு, வீட்டை விட்டு, நாட்டுப்புறச் சாலையில் ஓடத் தொடங்குகிறது. வழியில் வேறு கட்டில்கள், பழுதாகி நிற்கும் கட்டில், மோதிக்கொண்ட கட்டில். கனவுக்குள்ளும் போக்குவரத்து நெரிசல்! இந்தக் காட்சிக்கு இணையாகத் தத்தியின் படங்களில் எதுவுமில்லை. தத்தி யாருடைய கனவுக்குள்ளும் நுழைந்ததில்லை. அவருக்கு வெளியே பார்க்கவே நேரம் போதவில்லை. கணவனின் மனைவியாக நடித்த ஆனி ஃபிராத்தெலினியை எத்தெக்ஸ் அதே வருடம் மணந்துகொண்டார். புகழ்பெற்ற சர்க்கஸ் குடும்பத்துப் பெண்.

இருவரையும் உரசிப் பார்க்க ஏற்ற கல் விடுமுறைதான். பிரான்ஸில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 1936இல் சட்டமானது, இரண்டு வாரம். 1956இல் மூன்று வாரமானது, 1969இல் நாலு. தத்தி தன் விடுமுறைப் படத்தை எடுத்தது இரண்டு வார விடுப்பு இருந்த காலத்தில். சேன்-நசேருக்கு அருகே சேன்-மார்க் கடற்கரை விடுதி. அங்கே வருகிறவர்கள் நடுத்தர வர்க்கத்தார்: வியாபாரத் தொலைபேசியை விட முடியாதவர், சீட்டாட்டக்காரர்கள், மனைவி முன்னே நடக்கச் சில அடி பின்னால் நடக்கும் கணவர். எல்லாரையும் தத்தி கிண்டல் செய்கிறார், ஆனால் எல்லாருக்கும் பிரியும்போது ஒரு சின்ன மரியாதை வைத்திருக்கிறார். அந்தப் படத்தின் மேல் அவருக்கு இருந்த பாசம் தீரவே இல்லை. கிழிந்த படகு சுறாவின் வாய் மாதிரி மடங்கும் வேடிக்கையைக் கூர்மையாக்க, இருபத்தைந்து வருடம் கழித்து 1978இல் அதே கடற்கரைக்குத் திரும்பிப் போய்க் கொஞ்சம் படம் பிடித்துச் சேர்த்தார். இன்று அங்கே உலோவுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது.

எத்தெக்ஸ் கேமராவை எடுத்துக்கொண்டு போன கோடை 1969, நாலாவது வாரம் கிடைத்த வருடம். மே 1968 கலகம் முடிந்து ஓர் ஆண்டு. ஒரு வானொலி நிலையத்தின் ஊர் ஊரான பாட்டுப் போட்டிச் சுற்றுப்பயணத்தோடு சேர்ந்து போனார். கூடார முகாம்கள், நெருக்கியடித்த கடற்கரை, சுருதி சேராமல் பாடும் போட்டியாளர்கள், விளம்பரங்கள், வெயிலில் சிவந்த வயிறுகள். நடிகர் யாருமில்லை, இயக்குநர் கேள்வி கேட்கிறார், மக்கள் பதில் சொல்கிறார்கள். பதில்களை அவர் வெட்டி ஒட்டிய விதத்தில் இரக்கம் குறைவு. ‘பேயி தெ கொகாஞ்’ என்று பெயர் வைத்தார். பாலும் தேனும் ஓடும் கற்பனை நாட்டின் பெயர். 1971இல் வெளிவந்ததும் விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். ஏழைபாழைகளைக் கேலி செய்கிறான் என்பது குற்றச்சாட்டு. படம் சீக்கிரமே திரையரங்குகளை விட்டு வெளியேறியது. அதன் பிறகு திரையரங்குக்கான கதைப்படம் எடுக்க எத்தெக்ஸுக்கு யாரும் பணம் தரவில்லை.

குற்றச்சாட்டில் பாதி உண்மை என்பது என் எண்ணம். கோமாளி தன் தலையில் தண்ணீர் கொட்டிக்கொள்ளும்வரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்தப் படத்தில் எத்தெக்ஸ் திரையில் வேடிக்கைக்கு இலக்காக இல்லை. தண்ணீர் மற்றவர் தலையில் விழுந்தது. பிறரைக் காட்டும் கலை தத்தியுடையது, அதற்கு அவர் முப்பது வருடம் மேடையிலும் படத்திலும் பழகியிருந்தார். எத்தெக்ஸ் தன் ஆசானின் வேலையைச் செய்ய முயன்ற ஒரே தடவை இது. அதில்தான் விழுந்தார். மறுபாதி: அவர் காட்டியது பொய்யும் இல்லை. உலோவின் கடற்கரை பதினாறு வருடத்தில் என்ன ஆனது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்த இரண்டு படங்களையும் ஒரே மாலையில் பார்க்கலாம். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடும்.

தத்தி விழுந்தது நாலு வருடம் முன்பு. காரணம் நேர்மாறு, அவர் தன் வேலையைச் சற்றும் விட்டுக்கொடுக்காமல் செய்ததால் விழுந்தார். ‘பிளேடைம்’ படத்துக்காகப் பாரிஸ் ஓரத்தில் ஒரு நகரத்தையே கட்டினார். தத்திவில் என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. எஃகும் கண்ணாடியும் வைத்து நிஜமான கட்டடங்கள், சக்கரங்களில் நகரும் கட்டடங்கள், சொந்த மின் நிலையம். பின்னணியில் நிற்கும் ஆட்களில் சிலர் புகைப்பட அட்டைகள். 70 மில்லிமீட்டர் படச்சுருள். படப்பிடிப்பு 1964இல் தொடங்கி 1967வரை இழுத்தது. கையில் பணம் தீர்ந்து, கடன் தீர்ந்து, சேன்-ழெர்மேனில் இருந்த குடும்ப வீடும் அடகுக்குப் போனது. திரையில் பாரிஸின் பழைய சின்னங்கள் எல்லாம் கண்ணாடிக் கதவுகளில் ஒரு நொடிப் பிம்பமாக மட்டும் தெரியும். ஈஃபெல் கோபுரம் உட்பட. இரண்டரை மணி நேரப் படத்தை அவரே பிறகு வெட்டிக் குறைத்தார். மக்கள் வரவில்லை. தத்திவில் இடிக்கப்பட்டது.

‘பிளேடைம்’ படத்தை நான் முதலில் மடிக்கணினியில் பார்த்தேன். அது பெருந்தவறு. அகலத் திரையின் ஐந்து மூலைகளில் ஐந்து வேடிக்கை நடக்கும் படம் அது (நாலு மூலைதானே என்று கேட்பவர்கள் ராயல் கார்டன் உணவகக் காட்சியைப் பார்த்துவிட்டு வரட்டும்). சின்னத் திரையில் அது ஒரு சாம்பல் நிற விமான நிலையம், அவ்வளவுதான். எத்தெக்ஸின் படங்கள் மடிக்கணினியிலும் பிழைத்துக்கொள்கின்றன. ஈயக் கோட்டுக்குள் அடைத்த கண்ணாடி எந்த ஜன்னலிலும் ஒளிரும்.

இருவரும் சர்க்கஸுக்குப் போனது கிட்டத்தட்ட ஒரே காலத்தில். தத்தியின் கடைசிப் படம் ‘பராத்’ (1974) ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. பெரும்பகுதி வீடியோவில். ஸ்டாக்ஹோமில் சர்க்கஸ் அரங்கு. தத்தி அறிவிப்பாளராக வந்து, நாற்பது வருடம் முந்திய தன் விளையாட்டுக் காட்சிகளை மறுபடி செய்கிறார். அறுபத்தாறு வயதில் குதிரை, கோல்கீப்பர், டென்னிஸ். உலோ இல்லை, மழைக்கோட்டு இல்லை. தோற்ற மனிதர் மேடைக்குத் திரும்பியதாக அதைப் பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பார்வையாளர்களும் மேடைக்கு வந்து வித்தை காட்டுகிறார்கள், யார் கலைஞர் யார் பார்க்க வந்தவர் என்று பிரிக்க முடிவதில்லை. ‘பிளேடைம்’ படத்தில் கோடி கோடியாகச் செலவழித்துச் சொன்னதைத்தான் இங்கே காலணாவில் சொல்கிறார்.

எத்தெக்ஸ் 1970களின் முற்பகுதியில் ஆனியோடு சேர்ந்து தேசிய சர்க்கஸ் பள்ளியைத் தொடங்கினார். ஆனி சிவப்பு மூக்குக் கோமாளி, அவர் வெள்ளைக் கோமாளி. சர்க்கஸ் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளும் வித்தை படிக்கலாம் என்பது அந்தப் பள்ளியின் அடிப்படை. ‘யோயோ’ படத்தில் புகழும் பணமும் சேர்ந்த கோமாளி மீட்டெடுத்த மாளிகையைவிட்டு யானை மேலேறிப் போய்விடுகிறான். படம் எடுத்தவரும் ஏறத்தாழ அதையே செய்தார். தத்திக்குச் சர்க்கஸ் கடைசிப் புகலிடம், எத்தெக்ஸுக்கு அது பிறந்தகம்.

இடையிடையே பிறர் படங்களில் நடிக்கவும் எத்தெக்ஸ் தயங்கவில்லை. பிரெசோனின் ‘பிக்பாக்கெட்’ (1959) படத்தில் ஜேப்படித் திருடனின் கூட்டாளி. ஃபெலினியின் கோமாளிகள் படத்தில் எத்தெக்ஸாகவே. ஓஷிமா, இயோசெலியானி படங்களிலும் நடித்தார். கவுரிஸ்மாகியின் ‘லெ ஹாவ்ர்’ (2011) படத்தில் மருத்துவர். உலோவைப் படைத்த பிறகு தத்தி பிறர் படத்துக்குப் போய் நடிப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் போகவில்லை. ஒரே வேடத்தில் உலகப் புகழ் வாங்கியவருக்கு அந்த வேடமே சிறை. எத்தெக்ஸுக்கு வேடமே கிடையாது. புகழும் அந்த அளவுக்குத்தான் வந்தது.

கடைசியில் படங்களின் கதை. தமிழில் ‘சட்டம்’ என்றால் படத்தின் சட்டமும் அரசின் சட்டமும் ஒரே சொல். இவர்கள் வாழ்க்கையில் இரண்டாவது சட்டம் முதலாவதை விழுங்கிவிட்டது. தத்தியின் நிறுவனம் நொடித்ததும் படங்கள் கடன்காரர்கள் கைக்குப் போயின, சில வருடம் திரையிட முடியாமல் கிடந்தன. 1977இல் கௌரவ செசார் விருது கொடுத்தார்கள். 1982 நவம்பரில் இறந்தார். ‘ழூர் தெ ஃபெத்’ (1949) படத்தை அவர் வண்ணத்தில் எடுத்திருந்தார். ஆய்வகத்தால் அந்த வண்ணச் சுருளைக் கழுவி எடுக்க முடியாததால் பக்கத்தில் ஓடிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்தான் வெளிவந்தது. வண்ணப் பிரதியை மகள் சோஃபி மீட்டு வெளியிட்டது 1995இல். சோஃபியும் உறவினர் ழெரோம் தெஷாம்ப்பும் சேர்ந்து படங்களின் உரிமையைத் திரட்ட நிறுவனம் அமைத்தது 2001இல். அதே வருடம் சோஃபி இறந்துபோனார். தத்தி எழுதிப் படமாக்காமல் விட்ட கதை ஒன்று 2010இல் சில்வேன் ஷொமேயின் அனிமேஷனாக வந்தது.

எத்தெக்ஸின் கதை இன்னும் அபத்தம். கடனும் இல்லை, அடகும் இல்லை. 2004இல் அவரும் கரியேரும் ஒரு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம். அதன் பிறகு எழுந்த வழக்கில், தன் படங்களைத் தானே ஒரு விழாவில் போட்டுக்காட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய குறும்படத்தில் வரும் கணவன் மாதிரி, வீடு கண்ணுக்குத் தெரிகிறது, வண்டியை நகர்த்த வழியில்லை. 50,000க்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2009இல் நீதிமன்றத்தில் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு அறக்கட்டளைகள் நெகட்டிவ்களைப் புதுப்பித்தன. 2010 ஜூலையில் எல்லாப் படங்களும் திரையரங்குக்கு வந்தபோது அவருக்கு 81 வயது. பல வருடம் பார்க்கக் கிடைக்காத படங்களை இளைஞர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். வாசலில் அவரும் நின்றார். தத்திக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

யார் பெரியவர் என்று கேட்டால் மழுப்ப மாட்டேன்: தத்தி. ‘பிளேடைம்’ போல ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் தத்தியின் நிழலில் நிற்பவர் எத்தெக்ஸ் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. இவரைப் பார்க்காதவர்கள் ‘இனிய திருமண நாள்’ படத்திலிருந்து தொடங்கலாம். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ‘யோயோ’. ‘பிளேடைம்’ மட்டும் பெரிய திரை கிடைக்கும்வரை காத்திருக்கட்டும்.